எரிந்த காட்டின் பட்டமரங்கள்: காட்டுத்தீயும் தீக்குப் பிந்தைய மரவெட்டும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத்தீ அணைந்த பிறகு கருகி நிற்கும் மரங்களை வெட்டி விற்பதா, நின்ற இடத்திலேயே விட்டுவிடுவதா என்ற வழக்கு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல பத்தாண்டுகளாகத் தீராமல் இருந்துவருகிறது. காட்டியலாளர், மர அறுவை மில் நடத்துவோர், பறவை ஆய்வாளர், நீதிமன்றம், நாடாளுமன்றம் என எல்லாரையும் உள்ளே இழுத்த வழக்கு இது. ஆரெகன் மாநிலத்தில் 2002இல் எரிந்த பிஸ்கட் தீயை நடுவில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இந்த விவாதத்தின் எல்லா முகங்களும் ஒருசேர வெளிப்பட்ட இடம் அதுதான்.

காட்டுத்தீ என்றாலே காட்டின் அழிவுதானே?

"இத்தனை லட்சம் ஏக்கர் காடு நாசம்" என்று வரும் செய்தி, தீயின் வெளி எல்லைக்குள் அடங்கிய மொத்தப் பரப்பைத்தான் சொல்கிறது. அந்த எல்லைக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி எரிவதில்லை. காற்றும் சரிவும் உலர்ந்த சருகும் ஒன்று சேர்ந்த இடத்தில் மர உச்சிவரை தீ ஏறி எல்லாவற்றையும் கருக்கியிருக்கும்; பக்கத்துப் பள்ளத்தாக்கில் தரையிலிருந்த சருகையும் சிறு புதரையும் மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும்; ஓடைக்கரை ஈரத்தில் ஒரு தோப்பு பச்சை மாறாமல் அப்படியே நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, பழுப்பு, பச்சை ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்தது போலிருக்கும். இந்த ஒட்டுத்துணி அமைப்பே பிறகு அந்த இடத்தில் எது முளைக்கும், எந்த விலங்கு திரும்பி வரும் என்பதையெல்லாம் முடிவுசெய்கிறது. ஆகவே, எவ்வளவு எரிந்தது என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். எப்படி எரிந்தது, எந்த வகைக் காட்டில் எரிந்தது என்றும் கேட்க வேண்டும்.

நெருப்பை நம்பிப் பிழைக்கும் மரம் என்று உண்மையிலேயே ஏதாவது உண்டா?

உண்டு. ராக்கி மலைத்தொடரின் லாட்ஜ்போல் பைன் மரங்களில் பல, தம் காய்களைப் பிசினால் முத்திரையிட்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே வைத்திருக்கின்றன. தீயின் வெப்பம் பட்டதும் பிசின் உருகி, செதில்கள் விரிந்து, விதைகள் சாம்பல் மேல் கொட்டுகின்றன. தாய்மரம் எரிந்து போகிறது. அதன் விதைக்கோ நிழலும் போட்டியும் இல்லாத நிலம் கிடைக்கிறது. ஆரெகன், கலிபோர்னியா மாநிலங்களின் நாப்கோன் பைனும் இவ்வாறே வாழ்கிறது. பாண்டரோசா பைன் வேறு வழியைக் கைக்கொண்டது. தடித்த பட்டையைப் போர்த்திக்கொண்டு, கீழ்க்கிளைகளை உதிர்த்துவிட்டு, தரைத்தீ தன் காலடியில் ஓடிக் கடந்து போகும்படி அது வளர்கிறது. சியானோதஸ் என்ற புதரின் விதைகளோ மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, வெப்பம் பட்டால்தான் ஓடு வெடித்து முளைக்கின்றன. அந்தப் புதரின் வேர்முடிச்சு நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், தீயில் மண் இழந்த சத்தில் ஒரு பகுதி அதன் வழியாகவே திரும்புகிறது. வெறும் புகையை உணர்ந்து முளைக்கும் விதைகளும் இருக்கின்றன. அதற்குக் காரணமான கேரிக்கின் என்ற புகைச்சேர்மத்தை மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் பிரித்துக் காட்டினார்கள்.

அப்படியானால் எல்லாக் காட்டுக்கும் தீ நல்லதா?

இல்லை. ஒவ்வொரு காட்டுக்கும் பழகிய ஒரு தீ முறை இருக்கிறது. அதாவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு கடுமையாக எரிவது என்ற வழக்கம். உலர்ந்த பாண்டரோசா பைன் காடு முன்பு ஏறத்தாழ 5 முதல் 25 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய தரைத்தீயைக் கண்டது. யெல்லோஸ்டோனின் லாட்ஜ்போல் காடு 100 முதல் 300 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக எரிந்து மொத்தமாக முளைத்தது. பசிபிக் கரையோர ஈரக்காடுகளில் இந்த இடைவெளி பல நூறு ஆண்டுகள். ஒரு காட்டின் முறையை இன்னொன்றின் மேல் சுமத்தினால் இரண்டும் கெடும்.

இன்று கவலை தருவது, பழகிய முறையே குலைந்துவருவதுதான். ராட்சத செக்வாயா மரம் தீயை வைத்துத்தான் விதை பரப்புகிறது. இரண்டடிவரை தடித்த பட்டையோடு இரண்டாயிரம் ஆண்டு நின்ற மரங்கள் அதில் உண்டு. அப்படிப்பட்ட பெருமரங்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளின் தீயில் பட்டுப்போயின என்று மதிப்பிடப்பட்டுள்ளது. யெல்லோஸ்டோனில் 1988இல் எரிந்து முளைத்த லாட்ஜ்போல் இளங்காடு 2016இல், 28 வயதிலேயே மறுபடி எரிந்தபோது, புதிதாக முளைத்த கன்றுகளின் எண்ணிக்கை முந்தைய தடவையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. விதை சேரும் முன்னே அடுத்த தீ வந்துவிட்டால், தீக்குப் பழகிய மரமும் தோற்றுப்போகும். "தீ இயற்கையானது, விட்டுவிடுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அமெரிக்கா ஒரு நூற்றாண்டுக் காலம் எல்லாத் தீயையும் அணைத்தது ஏன்?

1910 ஆகஸ்டு 20, 21 நாட்களில் ஐடஹோ, மோன்டானா மலைகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்து, தீயணைப்புக்குச் சென்ற தொழிலாளர்கள் உட்பட 85க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும், அப்போது ஐந்தே வயதான வனச் சேவைத் துறை அந்த அதிர்ச்சியிலேயே வளர்ந்தது. கண்ணில் படும் எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்கிவிட வேண்டும் என்ற கட்டளை 1935இல் வந்தது; ஸ்மோக்கி என்ற கரடிச் சின்னம் 1944இல் பிறந்து, தீ என்றால் பகை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. கூடை முடைவதற்கு நேரான ஹேசல் தளிர் வேண்டியும், ஓக் மரத்தின் கொட்டைகள் வேண்டியும் கிளமத் மலைகளில் காலங்காலமாகச் சிறு தீ வைத்துவந்த காருக், யூரோக் பழங்குடியினர் குற்றவாளிகள் ஆனார்கள். சிறு தீயெல்லாம் அணைக்கப்பட்டதால், உலர்காடுகளில் சருகும் நெருக்கமான இளமரமும் சேர்ந்துகொண்டே போய், அணைக்க முடியாத பெருந்தீக்கு விறகாயின.

தேசியப் பூங்காத் துறை 1968இலும் வனச் சேவைத் துறை 1978இலும் கொள்கையை மாற்றிக்கொண்டன. 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் 36 விழுக்காடு, ஏறத்தாழ 7,94,000 ஏக்கர், எரிந்தபோது நாடே பதறியது. செப்டம்பர் 11 அன்று பெய்த பனிதான் அந்தத் தீயை அடக்கியது. பூங்கா என்பதால் அங்கே பட்டமரங்களை யாரும் ஏலம் விடவில்லை, நாற்று நடவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பைன் கன்றுகள் பயிர் போல் அடர்ந்து எழுந்ததை மக்கள் நேரில் கண்டார்கள். காட்டுத்தீ பற்றிய பொதுப் பேச்சில் அந்தக் காட்சி உண்டாக்கிய மாற்றம் பெரிது.

எரிந்து பட்ட மரத்தால் யாருக்கு என்ன பயன்?

மெலனோஃபிலா என்ற வண்டிலிருந்து தொடங்கலாம். அதன் நெஞ்சுப் பகுதியில் உள்ள சிறு குழிகள் தொலைவிலுள்ள தீயின் அகச்சிவப்புக் கதிரை உணர்கின்றன. மற்ற உயிர்கள் ஓடும் திசைக்கு எதிராக, இன்னும் சூடு ஆறாத மரத்தைத் தேடி அது பறந்துவந்து முட்டையிடுகிறது. உயிருள்ள மரம் பிசினைச் சுரந்து புழுவைத் துரத்திவிடும். பட்டமரத்துக்கு அந்தக் காவல் இல்லை. (1940களில் பெர்க்லி பல்கலைக்கழக விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஊதிய சிகரெட் புகையைக் காட்டுத்தீ என்று நம்பி இந்த வண்டுகள் கூட்டமாக வந்திறங்கி ரசிகர்களைக் கடித்ததைப் பூச்சியியலாளர் லின்ஸ்லி பதிவுசெய்திருக்கிறார்.) மரத்துக்குள் குடையும் வண்டுப் புழுக்களைத் தேடி வருகிறது கருமுதுகு மரங்கொத்தி. கருகிய தண்டின் மேல் அது உட்கார்ந்தால் இருப்பதே தெரியாது. முதுகின் கறுப்பு அப்படிப் பொருந்திப்போகிறது. சில ஆண்டுகள் அந்த எரிகாட்டில் வாழ்ந்துவிட்டுப் புழு வற்றியதும் வேறு எரிகாடு தேடிப் போய்விடுகிறது. அது குடைந்துவிட்டுப் போன பொந்தில், தாமே குடையத் தெரியாத நீலப்பறவைகளும் பிறவும் குடியேறுகின்றன. ராக்கி மலைத்தொடரின் வடபகுதியில் எரிந்த காடுகளை ஆராய்ந்து ரிச்சர்ட் ஹட்டோ 1995இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மரங்கொத்தி ஏறத்தாழ எரிகாட்டுக்கே உரிய பறவை என்று காட்டியது.

மரங்கொத்தியோடு கதை முடியவில்லை. நிற்கும் பட்டமரம் புதுக்கன்றுக்கு ஓரளவு நிழல் தருகிறது. விழுந்தால் சரிவில் மண்ணைத் தடுக்கிறது. ஓடையில் விழுந்தால் நீரைத் தேக்கி, சால்மன் மீன் தங்கும் குழிகளை உண்டாக்குகிறது. பிறகு நூறாண்டுக் காலம் மெல்ல மக்கி மண்ணாகிறது. எரிந்த காட்டை "செத்த காடு" என்று அழைப்பது மொழிப்பழக்கம். உயிர்த்தொகையை எண்ணிப் பார்த்தால், தீக்குப் பிந்தைய முதல் பத்தாண்டு ஒரு காட்டின் வாழ்நாளில் மிகவும் கலகலப்பான காலங்களில் ஒன்று.

தீக்குப் பிந்தைய மரவெட்டு என்றால் என்ன? அதில் ஏன் இத்தனை அவசரம்?

தீயில் பட்டுப்போன அல்லது பட்டுவிடும் என்று கருதப்படும் மரங்களை விற்பனைக்காக வெட்டி எடுப்பதே அது. தண்டின் வெளிப்புறம் கருகினாலும் உள்ளே கட்டை பெரும்பாலும் கெடாமல்தான் இருக்கும். ஆனால் அது அதிக நாள் தாங்காது. வண்டு துளையிடும், நீலக்கறைப் பூஞ்சை பரவும், உலர்ந்து வெடிப்பு விழும். பாண்டரோசா பைன் ஓரிரு ஆண்டிலேயே விலையிழந்துவிடும். டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் பருத்ததாக இருந்தால் இன்னும் சில ஆண்டு தாங்கும். அரசுக் காட்டில் வெட்டுவதற்குச் சூழல் தாக்க ஆய்வு, பொதுமக்கள் கருத்து, வழக்கு என்று இரண்டு ஆண்டு ஓடிவிடுவதால், சட்டத்தின் கடிகாரமும் பூஞ்சையின் கடிகாரமும் எப்போதும் மோதிக்கொள்கின்றன.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முதுகாட்டில் வாழும் புள்ளி ஆந்தை 1990இல் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டு, 1994இல் வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்த பிறகு, அரசுக் காடுகளில் பச்சை மரவெட்டு சரிந்தது, மில்கள் மூடின, சிற்றூர்கள் வருமானம் இழந்தன. எஞ்சிய வாய்ப்புகளில் ஒன்று எரிந்த மரம். 1995 ஜூலையில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு நிதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த பிரிவு, பட்ட மரங்களின் விற்பனையைச் சூழல் சட்ட வழக்குகளிலிருந்து 1996 முடியும்வரை காத்தது. "பட்டுவிடும்" என்ற பெயரில் பச்சை மரங்களும் வெட்டப்படுகின்றன என்ற சந்தேகம் ஆழமாக வேரூன்றியது அப்போதுதான். அதே 1995இல் ராபர்ட் பெஷ்டா முதலிய அறிவியலாளர்கள், எரிந்த நிலத்தில் செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, கடுமையாக எரிந்த மண் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்று அறிக்கை எழுதினார்கள். அன்றுமுதல் வழக்கு மன்றங்களில் அந்த அறிக்கை அடிக்கடி மேற்கோளாகிவருகிறது.

பிஸ்கட் தீயில் என்ன நடந்தது?

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். தென்மேற்கு ஆரெகனில் பிஸ்கட் என்ற சிற்றோடை இருக்கிறது. 2002 ஜூலை 13 அன்று மின்னல் விழுந்து சிஸ்கியூ தேசியக் காட்டில் பற்றிய தனித்தனித் தீக்கள் பின்னர் ஒன்றாகி, கல்மியாப்சிஸ் காட்டுப்பகுதி முழுவதையும் சூழ்ந்து, ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் பரப்பில் எரிந்தன. அணைக்க ஆன செலவு 15 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பரப்புக்குள்ளேயே 1987இல் சில்வர் தீ என்ற பெயரில் சுமார் 1 லட்சம் ஏக்கர் முன்பே எரிந்திருந்தது. இது பிறகு அறிவியலுக்குப் பேருதவியாக அமைந்தது.

தீ அணைந்ததும் சண்டை தொடங்கியது. ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகக் காட்டுப் பொறியியல் பேராசிரியர் ஜான் செஷன்ஸ் தலைமையில் 2003இல் வந்த அறிக்கை, 200 கோடி போர்டு அடிக்கு மேல் மரம் எடுக்க முடியும் என்றும், தாமதித்தால் மதிப்பும் போய், ஊசியிலைக் காட்டின் இடத்தைப் புதரும் பிடித்துவிடும் என்றும் வாதிட்டது. (ஒரு போர்டு அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை.) அறிக்கைக்குப் பிறகு வனச் சேவைத் துறை தன் திட்டத்தைப் பெரிதாக்கி, 2004இல் சுமார் 37 கோடி போர்டு அடி விற்க முடிவுசெய்தது. ஆந்தைக்காக ஒதுக்கப்பட்ட முதுகாடுகளும் சாலையில்லாப் பகுதிகளும் அதில் அடக்கம். வழக்குகள் தொடுக்கப்பட்டன, பாலங்களில் மக்கள் மறியல் செய்தார்கள், கைதானார்கள். கடைசியில் உண்மையாக வெட்டப்பட்டது திட்டமிட்டதில் ஒரு பகுதிதான். காத்திருந்த காலத்தில் மிச்சம் வண்டுக்கும் பூஞ்சைக்கும் போய்ச் சேர்ந்தது.

2006இல் வெளிவந்த ஒரு பக்க ஆய்வு ஏன் அவ்வளவு பெரிய புயலைக் கிளப்பியது?

ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகக் காட்டியல் கல்லூரியில் அப்போது மாணவராக இருந்த டேனியல் டொனேட்டோவும் உடன் ஐவரும், பிஸ்கட் பரப்பில் வெட்டிய இடங்களையும் வெட்டாத இடங்களையும் அளந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். யாரும் நாற்று நடாமலே ஊசியிலைக் கன்றுகள் ஹெக்டேருக்கு 767 என்ற நடு எண்ணிக்கையில் தாமாக முளைத்திருந்தன. மரம் இழுத்த இடங்களில் அது 224 ஆகக் குறைந்திருந்தது. அதாவது 71 விழுக்காடு இழப்பு. இரண்டாவது முடிவு இன்னும் கசப்பானது: உச்சியில் நின்ற கிளைகளும் சுள்ளிகளும் வெட்டுக்கழிவாகத் தரைக்கு வந்ததால், பற்றக்கூடிய விறகு கூடியிருந்தது. காட்டை மீட்கவும் அடுத்த தீயைத் தடுக்கவும் என்று சொல்லிச் செய்த வேலை, இரண்டுக்கும் எதிராகப் போயிருப்பதாக அந்த எண்கள் காட்டின.

அதே கல்லூரியின் பேராசிரியர்கள் சிலர், கட்டுரை அச்சாவதைத் தள்ளிவைக்குமாறு இதழைக் கேட்டார்கள், இதழ் மறுத்துவிட்டது. ஆய்வுக்குப் பணம் தந்த மத்திய நில மேலாண்மை அலுவலகம் கடைசி ஆண்டு நிதியை நிறுத்திவைத்து, கண்டனம் எழுந்ததும் திருப்பித் தந்தது. அப்போது, தீக்குப் பின் விரைந்து மரம் எடுக்க வழிசெய்யும் மசோதா ஒன்றை கிரெக் வால்டன், பிரையன் பேர்ட் ஆகிய உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் முன்னெடுத்துக்கொண்டிருந்தார்கள். 2006 பிப்ரவரியில் மெட்ஃபோர்டு நகரில் நடந்த விசாரணையில் அந்த மாணவர் அவர்கள் முன் அமர்ந்து பதில் சொன்னார். மே மாதம் கீழவையில் மசோதா நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை. மரவெட்டு வரி வருமானத்தில் ஒரு பங்கைப் பெறும் கல்லூரி, மரவெட்டைக் கேள்வி கேட்கும் ஆய்வை எப்படி நடத்தும் என்பதற்கு அது ஒரு சோதனையாக அமைந்தது. முதல் சுற்றில் அந்தக் கல்லூரி தேறவில்லை என்பது என் கருத்து.

அந்த ஆய்வை மறுத்தவர்களின் வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. தீக்குப் பின் முதல் சில ஆண்டுகளை மட்டும் அளந்துவிட்டு மீட்சியைப் பற்றிப் பேச முடியாது என்றார்கள்; அது சரி. கன்று முளைப்பதற்கு முன்பே, முதல் ஆண்டிலேயே வெட்டியிருந்தால் மிதிபட்டிருக்காது, இரண்டாண்டுத் தாமதமே கேட்டுக்குக் காரணம் என்றார்கள். இதிலும் தர்க்கம் உண்டு. வெட்டிய இடத்தில் கன்று குறைந்தாலும், மிஞ்சியது காடாவதற்குப் போதும் என்றும் சொன்னார்கள். ஆனால் இந்த மூன்றாவது வாதத்தை ஏற்றால், மரவெட்டும் நாற்று நடவும் இல்லாவிட்டால் காடு மீளாது என்று முன்பு சொன்னது விழுந்துவிடுகிறது. இதை மறுப்பாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பட்டமரங்களை எடுத்துவிட்டால் அடுத்த தீ தணியுமா?

எப்போது அளக்கிறோம், எந்தக் காட்டில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பிஸ்கட் பரப்புக்குள் 1987இல் எரிந்த நிலத்தில் ஒரு பகுதியில் மரம் எடுத்து நாற்று நட்டிருந்தார்கள், மற்றது விடப்பட்டது. 2002இல் இரண்டும் மறுபடி எரிந்தன. தாம்ப்சன், ஸ்பைஸ், கேனியோ ஆகியோர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட முடிவு: வெட்டி நட்ட இடங்கள், விட்டுவைத்த இடங்களைவிட 16 முதல் 61 விழுக்காடு கூடுதல் கடுமையுடன் எரிந்திருந்தன. ஒரே வயதும் ஒரே உயரமும் கொண்டு நெருக்கமாக நிற்கும் தோட்டம் தீக்கு எப்படி எளிதாகிறது என்பதற்கு இது நல்ல சான்று. எனினும், வெட்டியதன் விளைவு எது, நட்டதன் விளைவு எது என்று இதில் பிரித்தறிய இயலாது.

மறுபக்கத்தில், பீட்டர்சனும் உடனாய்வாளர்களும் வாஷிங்டன், ஆரெகன் மாநிலங்களின் கிழக்குப் பகுதி உலர்காடுகளில் 68 பழைய தீக்களின் பரப்பை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். முதல் ஐந்தாறு ஆண்டு வெட்டிய இடத்தில் தரைவிறகு அதிகம். அதன் பிறகு நாற்பது ஆண்டுவரை, பட்டமரங்கள் சாய்ந்து குவிந்த வெட்டாத இடத்தில்தான் அதிகம். பெருங்கட்டைகள் குறைந்தால் அடுத்த தீ மண்ணை அவ்வளவு ஆழமாகச் சுடாது என்பது மெய். இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதலாவது எரிந்த கடுமையை அளந்தது, இரண்டாவது கிடந்த விறகை அளந்தது, காடும் வேறு.

பழைய கதை ஒன்றையும் இரு தரப்பும் தமக்குச் சாதகமாகச் சொல்வதுண்டு. ஆரெகனின் டில்லமூக் காடு 1933, 1939, 1945, 1951 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை எரிந்தது. பட்டமரங்களை விட்டதால்தான் திரும்பத் திரும்ப எரிந்தது என்கிறார் ஒருவர். 1933, 1939 தீக்கள் இரண்டும் மரவெட்டு நடந்த இடத்திலேயே தொடங்கின என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை.

நாற்று நடாவிட்டால் காடு திரும்புமா?

பச்சை மரம் பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் திரும்பும், மெதுவாக. டக்ளஸ் ஃபிர் விதை பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து ஓரிரு நூறு மீட்டருக்குள்தான் விழுகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே வீச்சில் கருகிய இடத்தின் நடுப்பகுதிக்கு விதை வந்துசேர வழியில்லை. அங்கே நடுவது பொருத்தம். நடுவதற்கும் வெட்டுவதற்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. வெட்டிய வருமானம் நடவுக்கு உதவும் என்பது கணக்குப்பிள்ளையின் வாதமே தவிர, காட்டியலின் வாதமில்லை.

மண்ணுக்கும் ஓடைக்கும் என்ன ஆகிறது?

கடுந்தீயில் மண்ணின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே, நீரை உட்கொள்ளாத மெழுகுப்படலம் ஒன்று உண்டாவதுண்டு. சருகுப் போர்வையும் போயிருப்பதால், முதல் மழை மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அந்த நேரத்தில் டிராக்டர் ஏறி மரத்தை இழுத்தால் மண் இறுகும், தடங்கள் வாய்க்காலாகும், புதிதாகப் போட்ட சாலையிலிருந்து சேறு ஓடையில் இறங்கும். ஹெலிகாப்டரில் தூக்கினாலும், பனி உறைந்த நிலத்தின் மேல் இழுத்தாலும் கேடு குறையும், செலவு கூடும். சில இடங்களில் மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிப் போட்டுவிடுவதும் உண்டு. அது மண்ணைக் காக்கும், ஆனால் அது மர வியாபாரமில்லை.

பட்டமரங்கள் மக்கினால் கார்பன் எல்லாம் காற்றில் போய்விடாதா?

போகும், ஆனால் பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக. பெருமரத் தண்டுகளில் தீ நேரடியாக உண்பது மிகச் சிறிய பங்கு. இலையும் சருகும் சுள்ளியுமே முதன்மையாக எரிகின்றன. வெட்டிய மரத்திலும் வீட்டுப் பலகையாக நிலைப்பது ஒரு பகுதிதான். பட்டையும் தூளும் கழிவும் விரைவில் காற்றில் கலந்துவிடும்.

அப்படியானால் எரிந்த மரத்தை வெட்டவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. சாலையோரத்திலும் முகாமிடங்களிலும் மின்கம்பிக்கு அருகிலும் சாயும் நிலையிலுள்ள பட்டமரங்களை எடுத்தாக வேண்டும். தீயணைப்பாளர்களை நசுக்கிக் கொல்லும் ஆபத்துகளில் பட்டமரம் முக்கியமானது. ஊரை ஒட்டிய காட்டுவிளிம்பில் விறகுச் சுமையைக் குறைப்பதும் நியாயம். மர உற்பத்திக்கென்றே வளர்த்த தனியார் தோட்டத்தில் எரிந்ததை அறுவடை செய்வதைப் பற்றி யாருக்கும் புகார் இருக்க முடியாது. அரசுக் காட்டிலும்கூட, ஓர் ஊரின் மில் நடக்கவும் அதில் வேலை செய்வோர் பிழைக்கவும் கொஞ்சம் எடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னால், அது மதிக்கத்தக்க காரணம். எங்கே, எவ்வளவு, எந்தச் சரிவை விட்டுவிட்டு என்று பேசித் தீர்க்கலாம். நான் ஏற்காதது ஒன்றுதான்: காட்டின் நலனுக்காகத்தான் வெட்டுகிறோம் என்ற பேச்சு. எடுப்பதற்குரிய மரம் எப்போதும் பருத்த, விலைபோகும் மரமாகவும், விட்டுவிடுவது எப்போதும் சுள்ளியாகவும் இருப்பதே அந்தப் பேச்சைக் காட்டிக்கொடுக்கிறது. தீ பரவக் காரணமாவது சுள்ளி, விலைபோவது தண்டு.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்த விவாதம் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை ஓடுவது பெரும்பாலும் புல்லையும் சருகையும் எரிக்கும் தரைத்தீ. தடித்த பட்டையுள்ள பெருமரங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, கன்றுகள்தான் அடிபடுகின்றன. ஐந்து லட்சம் ஏக்கரில் பட்டமரம் நிற்கும் காட்சி நமக்கு இல்லை. தீக்குப் பழகாத சோலைக்காட்டுக்கு வடமேற்கு அமெரிக்கப் பாடத்தை அப்படியே சொல்லவும் கூடாது.

ஆனால் பட்டமரம் யாருக்கு என்ற கேள்வி இங்கேயும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு, நாடு முழுவதற்குமான காட்டு வழக்காக விரிந்தது. அந்த வழக்கில் 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் செத்த, நோயுற்ற, சாகும் நிலையிலுள்ள, காற்றில் விழுந்த மரங்களையும், நீர் அடித்துவந்த கட்டைகளையும், புல்லையும்கூட அகற்ற ஆணையிடக் கூடாது என்பதே அது.